மோதலுக்குப் பின் அணி மாற்றம்: கிரிக்கெட் வீரரின் தடையில்லாச் சான்று யார் கையில்?

ஹைதராபாத்: 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் தேதி, இந்தூரில் நடைபெற்ற ரஞ்சிக் கோப்பை காலிறுதியில் மத்தியப் பிரதேசத்திடம் ஆந்திரா அணி 4 ரன்கள் வித்தியாசத்தில் தோல்வியடைந்தது. அன்றைய தினமே அந்த அணியின் மூத்த வீரர் ஹனுமா விஹாரி சமூக வலைத்தளத்தில் ஒரு பதிவை வெளியிட்டார். பருவத்தின் முதல் ஆட்டத்தில், வங்காள அணிக்கு எதிராகக் கேப்டனாக இருந்தபோது, அணியின் 17ஆவது வீரரைத் தாம் கடிந்துகொண்டதாகவும், அரசியல்வாதியான தம் தந்தையிடம் அந்த வீரர் முறையிட்டதாகவும், அதன் தொடர்ச்சியாகத் தம்மைக் கேப்டன் பொறுப்பிலிருந்து விலகுமாறு சங்கம் கேட்டுக்கொண்டதாகவும் அவர் குற்றம்சாட்டினார். இனி ஆந்திராவுக்காக விளையாடப் போவதில்லை என்றும் அறிவித்தார்.

சம்பந்தப்பட்ட இளம் வீரர் இதை மறுத்தார். விஹாரி அனைவர் முன்னிலையிலும் ஒரு வீரரைத் தகாத சொற்களால் திட்டினார் என்றும், அது குறித்து முறைப்படி புகார் வந்துள்ளது என்றும் ஆந்திர கிரிக்கெட் சங்கம் பதிலளித்தது. இந்திய அணிக்கு அவர் அழைக்கப்படக்கூடும் என்பதாலேயே கேப்டன் மாற்றப்பட்டார், அதற்கு அவரும் இசைந்திருந்தார் என்பது சங்கத்தின் வாதம். விஹாரியோ, சக வீரர்கள் கையொப்பமிட்ட ஆதரவுக் கடிதத்தை வெளியிட்டார். அடுத்த மாதம் அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

யார் சொல்வது உண்மை என்பது இக்கட்டுரையின் கேள்வி அன்று. இத்தகைய பூசலுக்குப் பிறகு ஒரு வீரர் வேறு அணிக்குச் செல்ல விரும்பினால் என்ன நடக்கும்? அவரை அனுப்பும் அதிகாரம் யாரிடம் உள்ளது? அவர் மீதான குற்றச்சாட்டு அவருடன் செல்கிறதா, பழைய அணியிலேயே தங்கிவிடுகிறதா? விஹாரியின் வழக்கில் கிடைக்கும் விடை வியப்பூட்டுவது. வேறு அணிக்குச் செல்ல தடையில்லாச் சான்று கேட்டு இரண்டு மாதங்களாக மின்னஞ்சல்கள் அனுப்பியும் சங்கம் அதைத் தரவில்லை என்றும், நிலைமை மாறியதும் உடனடியாகக் கொடுத்துவிட்டார்கள் என்றும் 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் அவரே பதிவிட்டார். மாறிய நிலைமை என்று அவர் குறிப்பிட்டது எதை என்பதை வாசகர்கள் எளிதில் ஊகிக்கலாம். ஆந்திர மாநிலச் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியானது ஜூன் 4ஆம் தேதி. ஆட்சி கைமாறிய பின், அம்மாதமே அமைச்சர் நாரா லோகேஷைச் சந்தித்த விஹாரி, ஆந்திராவுக்கே தொடர்ந்து ஆடுவதாக முடிவெடுத்தார். வீரர்கள் ஓய்வறையில் எழுந்த ஒரு பூசலுக்கு வாக்குச்சாவடியில் தீர்வு பிறந்தது.

தடையில்லாச் சான்று எனும் சாவி

இந்திய உள்நாட்டுக் கிரிக்கெட்டில் ஒரு வீரர் ஏதேனும் ஒரு மாநிலச் சங்கத்தில் பதிவு செய்யப்பட்டவர். அவர் வேறு சங்கத்துக்காக விளையாட வேண்டுமெனில், என்ஓசி என்று எல்லோரும் அழைக்கும் தடையில்லாச் சான்றைப் பழைய சங்கத்திடமிருந்து பெற்றாக வேண்டும். அதன்பிறகே புதிய சங்கம் அவரை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தில் தன் வீரராகப் பதிவு செய்ய இயலும். வெளியிலிருந்து வரும் இத்தகைய வீரர்கள் தொழில்முறை வீரர்கள் அல்லது விருந்தினர் வீரர்கள் எனப்படுகின்றனர். ஓர் அணிக்கு மூவர் என்பது உச்சவரம்பு.

பார்ப்பதற்கு இது வெறும் அலுவலக நடைமுறை. பெரும்பாலான வேளைகளில் அப்படித்தான் முடிகிறது. செயலாளருக்கு ஒரு கடிதம், பதிலாக ஒரு கடிதம். சிக்கல் எழுவது, வீரரும் சங்கமும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட பிறகு. அப்போது புகாரைப் பெறுவது சங்கம், விசாரிப்பது சங்கம், தண்டிப்பது சங்கம், வெளியேற அனுமதி தருவதும் அதே சங்கம்.

தாமதத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கட்டண விகிதப்படி, ரஞ்சி ஆட்டங்களில் களமிறங்கும் வீரருக்கு அவரது அனுபவத்தைப் பொறுத்து நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை வழங்கப்படுகிறது. நான்கு நாள் ஆட்டங்கள் ஏழினைக் கொண்ட லீக் சுற்று முழுவதும் ஆடும் இளைய வீரருக்குக் கிடைப்பது 11.2 லட்சம் ரூபாய்; 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு 16.8 லட்சம். ஐபிஎல் ஒப்பந்தம் இல்லாத ஒரு வீரருக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இதுதான். சான்று உரிய காலத்தில் வராவிட்டால் இத்தொகை மட்டுமன்றி, தேர்வாளர்கள் கண்ணில் படும் ஒரு முழு ஆண்டும் கைநழுவிப் போகும். கிரிக்கெட் வீரரின் ஆடும் காலம் பதினைந்து ஆண்டுகள் நீடித்தால் அதுவே நீண்ட வாழ்வு.

ஹைதராபாத்தில் தொடங்கிய பழைய கதை

தெலுங்கு பேசும் நிலப்பரப்பில் இத்தகைய இடமாற்றங்கள் அதிகம் நிகழ்வதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஹைதராபாத் அணி, ரஞ்சிக் கோப்பையின் முதல் பருவமான 1934-35 முதலே ஆடிவருவது; 1937-38, 1986-87 ஆகிய பருவங்களில் கோப்பையையும் வென்றது. ஆந்திரா அணி 1953-54இல் களமிறங்கியது. அரசியல் வரைபடத்தில் இரு பகுதிகளும் ஒன்றாகி, 2014இல் மீண்டும் பிரிந்தபோதும் கிரிக்கெட்டில் இரண்டும் தனித்தனிச் சங்கங்களாகவே நீடித்தன. ஒரு சங்கத்தோடு மனக்கசப்பு ஏற்பட்டால், மொழியும் உணவும் மாறாத மற்றொரு சங்கம் அருகிலேயே இருக்கிறது. மும்பை வீரருக்கு மகாராஷ்டிராவும் விதர்பாவும் இருப்பது போல.

இந்தப் பாதையில் அதிகம் பயணித்தவர் அம்பத்தி ராயுடு. சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள் 2018, 2021, 2023 ஆகிய மூன்று கோப்பைகளோடு அவரை நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் அவருடைய தொடக்க ஆண்டுகளை அறிந்தவர்கள் தமிழகத்தில் குறைவு.

குண்டூரில் பிறந்து ஹைதராபாத் அணியில் வளர்ந்த ராயுடு, 2002-03 ரஞ்சிப் பருவத்தில் ஒரே ஆட்டத்தில் 210 ரன்களும் ஆட்டமிழக்காமல் 159 ரன்களும் குவித்தார். அப்போது அவருக்கு வயது 17. எதிரணி ஆந்திரா. 2004இல் வங்கதேசத்தில் நடைபெற்ற 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அணி அரையிறுதி வரை சென்றது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவர் இந்திய அணிக்குள் நுழைவார் என்பதில் அன்றைய கிரிக்கெட் வட்டாரத்தில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

நடந்தது வேறு. ஹைதராபாத் அணியின் பயிற்சியாளரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டையடுத்து 2005-06 பருவத்தில் அவர் ஆந்திராவுக்கு மாறினார். அந்தப் பருவத்திலேயே தம் பழைய அணிக்கு எதிரான ஆட்டத்தில், ஹைதராபாத் சங்கத்தில் செல்வாக்கு மிக்கவராக இருந்த முன்னாள் இந்திய வீரர் ஒருவரின் மகனோடு மைதானத்திலேயே மோதல் மூண்டது. ஓராண்டில் ராயுடு ஹைதராபாத்துக்கே திரும்பினார். 2007இல், 21 வயதில், இந்தியக் கிரிக்கெட் லீக் எனும் ஐசிஎல் போட்டியில் ஹைதராபாத் ஹீரோஸ் அணியில் சேர்ந்தார். வாரியத்தின் அங்கீகாரம் பெறாத அந்தப் போட்டியில் ஆடியவர்கள் அனைவருக்கும் வாரியம் கதவைச் சாத்தியது. ஒரு பயிற்சியாளரோடு தொடங்கிய பிணக்கு, இரண்டே ஆண்டுகளில் நாட்டின் எந்த மாநில அணிக்கும் ஆட இயலாத நிலைக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது.

2009இல் ஐசிஎல்லோடு உறவை முறித்துக்கொண்ட 79 இந்திய வீரர்களுக்கு வாரியம் பொதுமன்னிப்பு வழங்கியது. அதன்பிறகு ராயுடு மும்பை இந்தியன்ஸ் அணியில் இடம்பெற்றார். உள்நாட்டில் ஹைதராபாத், ஆந்திரா இரண்டையும் விட்டு பரோடாவுக்குச் சென்றார். இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டத்தில் களமிறங்கியது 2013 ஜூலையில், ஜிம்பாப்வேயின் ஹராரேயில். வயது 27. அதற்குப் பின் 55 ஒருநாள் ஆட்டங்களில் 47க்கும் மேற்பட்ட சராசரியில் 1,694 ரன்கள் எடுத்தார் என்பதைப் பார்க்கும்போது, இழந்த ஆண்டுகளின் அளவு புலப்படும்.

ராயுடு சாதுவானவர் என்று எவரும் வாதிடப் போவதில்லை. கோபம் அவருடைய ஆட்டத்தோடு சேர்ந்தே வந்தது. ஐபிஎல்லில் எதிரணி வீரரோடு வாக்குவாதம், ஆட்டக் கட்டண அபராதம் என அவர் பெயர் அடிபட்ட நிகழ்வுகள் உண்டு. அவற்றுள் ஒன்று, ஒழுங்கு நடவடிக்கை சரியாக நடந்தால் எப்படியிருக்கும் என்பதற்கே எடுத்துக்காட்டு. 2018 ஜனவரியில் சையத் முஷ்டாக் அலி கோப்பையில் கர்நாடகத்துக்கு எதிராக ஹைதராபாத் 2 ரன்களில் தோற்றது. கர்நாடக இன்னிங்ஸில் ஒரு பந்து எல்லைக்கோட்டைத் தொட்டதா என்ற சர்ச்சையில் பின்னர் சேர்க்கப்பட்ட ரன்களும் 2. கேப்டன் ராயுடு கள நடுவர்களோடு வாதிட்டார். நடுவர்கள் அறிக்கை அளித்தனர். அணி மேலாளரிடம் விளக்கம் பெறப்பட்டது. ராயுடு தவறை ஒப்புக்கொண்டார். இரண்டு ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆட்டங்கள் முடிந்ததும் அவர் ஆடச் சென்றார். குற்றம் என்ன, தண்டனை எவ்வளவு, எப்போது முடிகிறது என்ற மூன்றும் எழுத்தில் இருந்தன.

மைதானத்துக்குள் நடக்கும் தவறுக்குப் போட்டி நடுவர் இருக்கிறார். இரு அணிகளுக்கும் அவர் பொதுவானவர். ஓய்வறையிலும் பயிற்சி முகாமிலும் பேருந்திலும் நடக்கும் பூசலுக்கு அப்படிப் பொதுவானவர் எவருமில்லை. ராயுடுவின் 2005ஆம் ஆண்டுப் பிணக்கும், விஹாரியின் 2024ஆம் ஆண்டுப் பிணக்கும் இந்த இரண்டாம் வகை.

வதோதராவிலும் மும்பையிலும்

தெலுங்கு மாநிலங்களுக்கு மட்டுமே உரிய நோய் இது என்று கருதிவிட வேண்டாம். 2021 ஜனவரியில் பரோடா அணியின் துணைக் கேப்டன் தீபக் ஹூடா, சையத் முஷ்டாக் அலி கோப்பை தொடங்குவதற்குச் சற்று முன்னதாக முகாமை விட்டு வெளியேறினார். கேப்டன் க்ருணால் பாண்டியா தம்மைத் தகாத முறையில் பேசினார் என்று சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். புகாரின் மறுபக்கம் எதுவாயினும், தண்டிக்கப்பட்டவர் புகார் அளித்தவரே. சொல்லாமல் முகாமை விட்டு வெளியேறியதற்காக அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்திலிருந்தும் ஹூடா நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் தடையில்லாச் சான்று பெற்று ராஜஸ்தானுக்கு மாறினார். ஏழு மாதங்கள் கழித்து, 2022 பிப்ரவரியில் அகமதாபாத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்திய அணியில் அறிமுகமானார். அந்த ஆண்டு ஐபிஎல்லில் லக்னோ அணியில் அவரும் க்ருணாலும் ஒன்றாகவே ஆடினர். விக்கெட் விழும்போது கட்டித் தழுவிக்கொண்டனர். வதோதராவில் தீர்க்க இயலாத பகையை லக்னோ அணியின் ஏலத்தொகை தீர்த்துவைத்தது போலும்.

பிரித்வி ஷாவின் கதை எதிர்த்திசையிலிருந்து வருவது. 2018இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற கேப்டன். அதே ஆண்டு ராஜ்கோட்டில் அறிமுக டெஸ்டிலேயே சதம். 2024 அக்டோபரில் மும்பை ரஞ்சி அணியிலிருந்து நீக்கப்பட்டார். உடற்தகுதியும் ஒழுங்கும் காரணங்கள் என்று மும்பை வட்டாரத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அடுத்த மாதம் ஐபிஎல் ஏலத்தில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2025 ஜூனில் தடையில்லாச் சான்று கேட்டார். மும்பை சங்கம் தாமதமின்றிக் கொடுத்தது. மகாராஷ்டிராவுக்குச் சென்ற அவர், அக்டோபரில் சண்டிகருக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் 222 ரன்கள் எடுத்தார். பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் பழைய அணியான மும்பைக்கு எதிராக 181 ரன்கள் எடுத்து ஆட்டமிழந்தபோது எதிரணி வீரரோடு உரசல் ஏற்பட்டதும் செய்தியானது.

ஒரே மாதிரியான காகிதம், மூன்று விதமாக நடந்துகொள்கிறது. விஹாரிக்கு இழுத்தடிக்கப்பட்டது. ஹூடாவுக்குத் தண்டனை முடிந்த பின் கிடைத்தது. ஷாவுக்கு உடனே கொடுக்கப்பட்டது. வேறுபாட்டுக்குக் காரணம் விதி அன்று. சங்கம் அந்த வீரரைப் பிடித்துவைக்க விரும்பியதா, கைகழுவ விரும்பியதா என்பதே.

கால்பந்து வேறு வழியில் செல்கிறது

கால்பந்தில் இந்த இரு கேள்விகளும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சர்வதேசக் கால்பந்து கூட்டமைப்பான ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளில், நான்கு ஆட்டங்கள் அல்லது மூன்று மாதங்கள் வரையிலான தடையை முழுமையாக அனுபவிக்காமல் ஒரு வீரர் வேறு நாட்டுச் சங்கத்துக்கு மாறினால், எஞ்சிய தடையைப் புதிய சங்கம் நிறைவேற்ற வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. இடமாற்றச் சான்று வழங்கும்போதே பழைய சங்கம் இத்தடையைக் குறிப்பிட்டாக வேண்டும். அதாவது வீரர் போகலாம். தண்டனை அவர் பையிலேயே போகும். அதேவேளை, பழைய கழகம் ஊதியம் தராமல் ஏமாற்றினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வீரருக்கும் உண்டு. கழகம் புதிய வீரர்களைச் சேர்க்கத் தடையும் விதிக்கப்படும்.

இதை நேரில் கண்ட நகரம் ஹைதராபாத். 2022 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற ஹைதராபாத் எஃப்சி, 2023-24 பருவத்தில் ஊதிய நிலுவைகளால் இடமாற்றத் தடைக்கு உள்ளானது. வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். ஒரே ஒரு வெற்றியோடு பட்டியலின் கடைசி இடத்தில் பருவத்தை முடித்த அந்த அணி, 2025இல் டெல்லிக்கே இடம்பெயர்ந்து பெயரும் மாறியது. வெளியேறிய வீரர்களின் எதிர்காலம் கழக நிர்வாகியின் கையொப்பத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டியது.

அமெரிக்கக் கல்லூரிகள் கற்ற பாடம்

வீரர் எளிதாக அணி மாற முடிந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இக்கேள்விக்கு விடை தேட அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பார்க்க வேண்டும். அங்கு கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. ஹெல்மெட் அணிந்து, பந்தைக் கையில் ஏந்தி ஆடும் ஆட்டம். நம் நாட்டில் மாநிலச் சங்கம் எந்த இடத்தில் உள்ளதோ, அந்த இடத்தில் அங்கு கல்லூரி உள்ளது. தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லும் ஏணி அதுவே.

அந்நாட்டில் ஒழுங்குச் சிக்கலுக்குப் பின் கல்லூரி மாறியவர்களில் மிகப் புகழ்பெற்றவர் கேம் நியூட்டன். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 2008 நவம்பரில் மடிக்கணினித் திருட்டு வழக்கில் கைதானார். அணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். சீர்திருத்தத் திட்டம் ஒன்றை நிறைவுசெய்த பின் அவர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. டெக்சாஸில் பிளின் கல்லூரி எனும் சிறிய ஈராண்டுக் கல்லூரிக்குச் சென்று 2009இல் அதற்குத் தேசியப் பட்டம் வென்று கொடுத்தார். 2010இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருதையும் தேசியப் பட்டத்தையும் பெற்றுத் தந்தார். 2011இல் தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் முதலாமவராக எடுக்கப்பட்டார். இரண்டாவது வாய்ப்பு ஒரு மனிதரை எங்கு கொண்டுசேர்க்கும் என்பதற்கு அமெரிக்கர்கள் இன்றும் சொல்லும் கதை இது.

அதன் மறுபக்கம் இருண்டது. பெண்கள் மீதான வன்முறைக்காக ஒரு கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட வீரர்களை, திறமையை மட்டும் பார்த்து, மற்றொரு கல்லூரி சேர்த்துக்கொண்ட நிகழ்வுகள் நடந்தன. புதிய வளாகத்தில் படிக்கும் மாணவிகளுக்கு, அருகில் அமர்ந்திருப்பவரின் முன்வரலாறு தெரியாது. பெரும் எதிர்ப்பு எழுந்த பின், தென்கிழக்கு மாநிலங்களின் முன்னணிப் பல்கலைக்கழகங்களைக் கொண்ட எஸ்இசி கூட்டமைப்பு 2015இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை போன்ற கடும் குற்றங்களுக்காக வேறு கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவரை உறுப்புப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது அவ்விதி. தேசிய அமைப்பான என்சிஏஏ, இத்தகைய குற்றங்களில் தங்கள் முன்வரலாற்றை வீரர்கள் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்றும், மாறிவரும் வீரரைப் பற்றிப் பழைய கல்லூரியிடம் விசாரிக்க வேண்டும் என்றும் பின்னர் நடைமுறை வகுத்தது.

ஒருபுறம் இதை இறுக்கிய அமெரிக்கா, மறுபுறம் கதவை அகலத் திறந்தது. 2018 அக்டோபரில் தொடங்கிய இணையவழி இடமாற்றப் பதிவேட்டில் வீரர் தம் பெயரைச் சேர்க்கப் பழைய பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லை. 2021இல், கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் முதல் மாற்றத்துக்கு நீக்கப்பட்டது. 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். ஆனால் பழைய கல்லூரியில் படிப்புத் தகுதியோடும், ஒழுங்கு நடவடிக்கையால் இடைநீக்கமோ வெளியேற்றமோ நிலுவையில் இல்லாமலும் இருந்திருக்க வேண்டும். பயிற்சியாளரின் மனக்கசப்பு ஒருவரைத் தடுக்காது. நிறுவப்பட்ட குற்றம் தடுக்கும்.

நம் கிரிக்கெட்டில் இது தலைகீழ். நிர்வாகியின் மனக்கசப்பு ஒருவரைத் தடுத்து நிறுத்த முடியும். அதேசமயம், உண்மையிலேயே சக வீரரைத் துன்புறுத்திய ஒருவர் இருந்தால், பழைய சங்கம் தொல்லை விட்டது என்று சான்றைக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆட்சேபம் இல்லை என்பதைத் தவிர அந்தக் கடிதம் வேறெதையும் சொல்ல வேண்டியதில்லை. ஊக்கமருந்துத் தடை மட்டுமே இதற்கு விதிவிலக்கு. 2019இல் ஷாவுக்கு விதிக்கப்பட்ட எட்டு மாதத் தடை, அவர் எந்த அணிக்குச் சென்றிருந்தாலும் அவரைத் தொடர்ந்திருக்கும்.

முறையிட இடம் உண்டா?

காகிதத்தில் உண்டு. நீதிபதி லோதா குழுவின் பரிந்துரைகளை 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பின், வாரியத்துக்கும் மாநிலச் சங்கங்களுக்கும் குறைதீர்ப்பாளர் பதவி கட்டாயமானது. ஆனால் குறைதீர்ப்பாளரை அமர்த்துவதும் சங்கமே. ஹைதராபாத் சங்கத்தில் அந்தப் பதவிக்கு யாரை நியமிப்பது என்பதே 2021இல் நிர்வாகிகளை இரு அணிகளாகப் பிளந்து நீதிமன்றப் படியேற வைத்தது. 2023இல் சங்கத்தின் நிர்வாகத்தைச் சீர்செய்ய முன்னாள் நீதிபதி எல். நாகேஸ்வர ராவை உச்ச நீதிமன்றமே நியமிக்க நேர்ந்தது. 2025 ஜூலையில், முறைகேட்டுப் புகாரில் சங்கத் தலைவரையே மாநில சிஐடி காவல்துறை கைது செய்தது. ராயுடு 2019இல் ரஞ்சி ஆட்டங்களிலிருந்து விலகியபோது, சங்கத்தில் ஊழல் மலிந்துள்ளதாகக் கூறித் தலையிட வேண்டினார். அவர் முறையிட்டது குறைதீர்ப்பாளரிடம் அன்று. அப்போதைய தெலங்கானா அமைச்சர் கே.டி. ராமாராவிடம், சமூக வலைத்தளத்தில். ஐந்தாண்டுகள் கழித்து விஹாரியும் சென்று நின்றது ஓர் அமைச்சரிடமே. முறையான வாசல் இருந்தும் வீரர்கள் அரசியல் வாசலைத் தட்டுகிறார்கள் எனில், முதல் வாசலின் மீது அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது தெரிகிறது.

வீரர்களுக்கென ஒரு சங்கமும் உண்டு. லோதா பரிந்துரைகளின் விளைவாக 2019இல் தொடங்கப்பட்ட இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் அது. அதில் உறுப்பினராகும் தகுதி ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டுமே. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஒழுங்கு நடவடிக்கையை எதிர்கொள்ளும் வீரரின் அருகில் வீரர் சங்கத்தின் பிரதிநிதி அமர்ந்திருப்பார். இந்தியாவில் களத்தில் ஆடிக்கொண்டிருக்கும் வீரருக்கு அப்படி ஒருவர் இல்லை. புகழ்பெற்றவருக்குச் சமூக வலைத்தளம் இருக்கிறது. 2023 காலிறுதியில் மணிக்கட்டு எலும்பு முறிந்த நிலையிலும் இடக்கையால் பேட் செய்த விஹாரியின் சொல்லுக்கு நாடு செவிசாய்த்தது. மாவட்ட அணியிலிருந்து முதன்முறையாக மாநில முகாமுக்கு வரும் இளைஞர் அதே பதிவை எழுதினால், அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். அவருடைய தடையில்லாச் சான்றும் அதே மேசையில்தான் இருக்கிறது.

விஹாரி ஆந்திராவில் நெடுநாள் நீடிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் மீண்டும் தடையில்லாச் சான்று பெற்றார். இம்முறை இழுபறி இல்லை. தொழில்முறை வீரராக அவர் சென்றது வடகிழக்கின் திரிபுரா அணிக்கு. அங்கு அவரோடு சேர்ந்த மற்றொருவர், தமிழ்நாடு அணியில் தமக்குக் கிடைத்த வாய்ப்புகள் குறித்த மனக்குறையோடு அதே பருவத்தில் சான்று பெற்று வெளியேறிய விஜய் சங்கர். 2019 உலகக் கோப்பைக்கு ராயுடுவுக்குப் பதிலாகத் தேர்வு செய்யப்பட்டவரும் அவரேதான்.